சினிமாவுக்குள் போகும் டிக்கெட்: இந்தப் படம் ஏன் ஓடவில்லை?

கோட்டையூர்க்காரன்:
1993-ல் வந்த 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ' நேற்றிரவு பார்த்தேன். மாய டிக்கெட்டால் ஒரு பையன் அர்னால்ட் படத்துக்குள்ளேயே போய்விடுகிறான். எல்லா போன் நம்பரும் 555-ல் தொடங்குகிறதே, இது சினிமாதான் என்று அவன் அடித்துச் சொல்லும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். தூக்கம் கலைந்த அப்பத்தா வைதது தனிக்கதை. இவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை?

ரஸ்தா ரசிகன்:
ஒரு வாரம் முன்னால்தான் 'ஜுராசிக் பார்க்' வந்தது. டைனோசரிடம் அர்னால்ட் என்ன செய்வார்? தவிர, கேலியா சண்டையா என்று படமே முடிவு செய்யவில்லை.

வளவு வீட்டுப் பேரன்:
எனக்கு அர்னால்ட் படத்தை விட்டு நிஜ நியூயார்க்குக்கு வரும் பகுதிதான் பிடித்தது. கார்க் கண்ணாடியைக் குத்துகிறார், கை வலிக்கிறது! எங்கள் வீட்டில் ஒரு சண்டைக் காட்சி எடுத்தார்கள். மாடியிலிருந்து குதித்தவர் டூப். மெத்தையில் சரியாகத்தான் விழுந்தார். அப்புறம் எழுந்து நடந்து வரும்போது ஆத்தங்குடித் தரைக்கல்லில் வழுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். ஆச்சி மஞ்சள் பற்றுப் போட்டார். ஹீரோ நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ரஸ்தா ரசிகன்:
1947-ல் வந்த 'நாம் இருவர்' எடுத்ததே நம்ம காரைக்குடியில்தானே. ஊருக்கு இதெல்லாம் பழக்கம்.

கோட்டையூர்க்காரன்:
சரி, அந்த டூப்புக்கு யார் காசு கொடுத்தது?

வளவு வீட்டுப் பேரன்:
ஆச்சிதான். பஸ்ஸுக்கு.