நகைப்பட்டறைக்குள் அரசு எவ்வளவு தூரம் வரலாம்?

கோவைப்பட்டறை:
கோவையில் சின்ன நகைப்பட்டறை வைத்திருக்கிறேன், என்னோடு சேர்த்து நான்கு பேர். ஒருவர் செய்யும் தொழிலுக்குள் அரசு எவ்வளவு தூரம் வரலாம் என்பதில் உங்கள் கருத்து வேண்டும்.

கேட்கக் காரணம் என் தாத்தா. அவரும் பத்தர்தான். சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. நூற்றுக்கு 58 பங்கு சொச்சம்தான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். தாத்தாவுக்கு 22 காரட்டில் பழகிய கை. 14 காரட் கம்பி இழுத்தால் விறைத்துக்கொள்ளும், தட்டினால் விரிசல் விடும் என்று பாட்டி சொல்வார். செய்தாலும் வாங்க ஆளில்லை. பெண்ணைப் பெற்றவர் யாராவது 14 காரட்டில் தாலி கேட்பாரா? ஊதுகுழலையும் கிடுக்கியையும் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போனார். அப்போது பட்டினி கிடந்தவர்களும் உயிரை விட்டவர்களும் நாடு முழுக்க உண்டு.

1966-ல் அந்த 14 காரட் கட்டு தளர்ந்தது. ஆனால் 1968-ல் தனிச் சட்டமே போட்டார்கள். தனி ஆள் தங்கக் கட்டி வைத்திருந்தாலே குற்றம். 1990-ல்தான் அதை எடுத்தார்கள். கடத்தலை ஒழிக்கத்தானே கொண்டுவந்தார்கள்? அந்தக் காலத்தில்தான் கடத்தல் கொழுத்தது.

அதனால் அரசு பட்டறைப் பக்கமே வரக் கூடாது என்பது என் கட்சி.

பவானிக்காரி:
அண்ணா, உங்கள் தாத்தா கதை மனதைப் பிசைகிறது. ஆனால் கடைசி வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் கல்யாணத்துக்கு அப்பா ஐந்து பவுனில் சங்கிலி வாங்கினார். 22 காரட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், முத்திரை எதுவும் இல்லை. பதினோரு வருடம் கழித்து அடகு வைக்கப் போன இடத்தில் மெஷினில் வைத்துப் பார்த்தால் தங்கம் 78 சதவீதம். 22 காரட் என்றால் 91.6 சதவீதம் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஐந்தரை கிராம் தங்கம் அதில் இல்லவே இல்லை. அப்பா தறி ஓட்டிச் சேர்த்த காசு அது. உரைகல்லில் உரசி மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, பார்க்க அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அரசு வரவே கூடாது என்றால் எங்களைப் போன்றவர்கள் யாரை நம்பி வாங்குவது?

பழைய சுதந்திரா:
ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று எதைத் திட்டினாரோ, அதற்குத் தங்கக் கட்டுப்பாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. நான் அந்தப் பக்கம்தான், இன்றும். ஆனால் அந்தத் தங்கை கேட்பது பெர்மிட் அல்ல, சரியான எடைக்கல். சந்தையில் படிக்கல்லை அரசு சோதித்து முத்திரை போடுவதை நான் எதிர்த்ததில்லை. நகையின் தூய்மையைச் சோதித்துப் போடும் ஹால்மார்க் முத்திரையும் அந்த வகைதான். ஒரு கவலை மட்டும் உண்டு. 2021 ஜூனில் கட்டாயமாக்கியபோது, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். பவுன் விலை ஏறிய ஏற்றத்தில் 40 லட்சம் என்பது சில கல்யாணங்களுக்கான நகை, அவ்வளவுதான். இந்த வரம்பைச் சின்னக் கடைக்காரர்கள் கேட்டு உயர்த்த வேண்டும்.

கோவைப்பட்டறை:
தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ‘பக்கமே வரக் கூடாது’ என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாத்தா காலத்துச் சட்டம் செய்கிறவன் கையைக் கட்டியது. இப்போது அப்படி இல்லை. நேற்று ஒரு மோதிரம் ஹால்மார்க் ஆகி வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்பக்கம் முக்கோண முத்திரை, 22கே916, அப்புறம் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம். அதை, ஹால்மார்க்கை நடத்தும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அடித்தால் நகையின் விவரம் வந்துவிடும். 22-ல் செய்வதா, 18-ல் செய்வதா என்பதை நானும் வாங்குகிறவரும் பேசி முடிவு செய்கிறோம். எதில் செய்தேன் என்பதை மட்டும் மறைக்க முடியாது. இது எனக்குச் சம்மதம். ஆனால் என்ன செய்யலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்று மறுபடி யாராவது கிளம்பினால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

அப்புறம், ஹால்மார்க் நகையில் மாற்று குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கேட்டு வாங்கலாம். உங்கள் சங்கிலிக்கு அது பொருந்தாது, வருத்தமாக இருக்கிறது. ஆனால் அதை விற்பதாக இருந்தால் நேரே கடைக்குப் போகாதீர்கள். ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களின் பழைய நகையையும் சோதித்து அறிக்கை தருகிறார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.