மணிக்கு 50 ரூபாயா, 125 ரூபாயா: கங்கைகொண்டானில் ஒரு ஓ.டி. கணக்கு

திருநெல்வேலி பக்கம், கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். எங்கள் லைனில் புதிதாகச் சேரும் பையன்கள் முதல் சம்பளம் ஏறியதும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, இவ்வளவு ஓ.டி. பார்த்தும் இவ்வளவுதான் வந்திருக்கு?" ஓ.டி. என்றால் ஓவர் டைம், கூடுதல் நேர வேலை. கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். 2023இல் மானூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் மட்டும் பே ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

மாதச் சம்பளம் 13,000 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,400, வீட்டு வாடகைப் படி 2,600. அந்த மாதம் 30 மணி நேரம் ஓ.டி. பார்த்திருந்தான். அதற்கு 1,500 ரூபாய் போட்டிருந்தார்கள். எப்படி வந்தது என்று பின்னாலிருந்து போட்டுப் பார்த்தோம். 10,400ஐ மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்தால் 400. அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் 50. வீட்டு வாடகைப் படியையும் விட்டுவிட்டார்கள், இரட்டிப்பும் கொடுக்கவில்லை.

அப்போது நடைமுறையில் இருந்தது 1948 தொழிற்சாலைச் சட்டம். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்தையோ வாரத்தில் 48 மணி நேரத்தையோ தாண்டினால் வழக்கமான சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும் என்று அதன் 59ஆம் பிரிவு சொல்லியது. வழக்கமான சம்பளம் என்பதில் அப்போது படிகளும் சேர்ந்தன, போனஸும் ஓ.டி. பணமும் சேரவில்லை. அப்படிப் பார்த்தால் 13,000 வகுத்தல் 26, நாளுக்கு 500. மணிக்கு 62.50. இரட்டிப்பு 125. முப்பது மணிக்கு 3,750 ரூபாய். ஒரே மாதத்தில் 2,250 ரூபாய் குறைவு. அந்தப் பையன் வீட்டில் அது ஒரு மாத மளிகைச் செலவு.

சில இடங்களில் 26க்குப் பதில் 30ஆல் வகுப்பார்கள். மணிக்கூலி அங்கேயே இறங்கிவிடும். அப்புறம் லீவு எடுத்த வாரத்தையும் பார்க்க வேண்டும். ஆறு நாளும் எட்டு மணி நேரம் வந்தால் 48 நிறைந்துவிடுகிறது, அதற்கு மேல் நிற்பது எல்லாம் ஓ.டி. ஒரு நாள் வராமல் போனால், 48 நிறையும் வரை கூடுதல் நேரத்துக்கு அந்தச் சட்டப்படி இரட்டிப்பு கேட்க முடியாமல் இருந்தது, ஒரே நாளில் ஒன்பதைத் தாண்டியிருந்தால் தவிர.

இதெல்லாம் பேச ஆதாரம் வேண்டுமே. தம்பியிடம் அது இருந்தது. அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். இலை எவ்வளவு வாங்கினோம், எத்தனை ஆயிரம் கொடுத்தோம், கழிவு என்று எவ்வளவு தள்ளினார்கள் என்று அன்றன்றைக்கே நோட்டில் எழுதி வைக்கிற வீடு. அவனும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எந்த சூப்பர்வைசர் நிற்கச் சொன்னார் என்பது வரை எழுதியிருந்தான். பஞ்ச் பதிவோடு ஒப்பிட்டால் கொஞ்சமும் பிசகவில்லை.

எங்கள் சீனியர் அண்ணாச்சி ஒருவர் முன்னால் போக, நாங்கள் நாலைந்து பேர் ஹெச்.ஆர். அறைக்குப் போனோம். முதலில், "எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் கொடுக்காங்க" என்றார்கள். அண்ணாச்சி குரலை உயர்த்தவே இல்லை. "சார், இந்தத் தம்பிக்கு மணிக்கு அம்பது ரூவா எப்படி வந்துச்சுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, நாங்க போயிருதோம்" என்றார். எழுதித் தரவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரத் தொழிலாளர்களுக்கு இரட்டிப்பு வந்தது. பழைய பாக்கியும் தவணையாக வந்தது.

சரி, 3,750 முழுதாகக் கைக்கு வருமா? மொத்தம் 16,750. பி.எப். என்கிற வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், அது அடிப்படைக்கும் பஞ்சப்படிக்கும்தான், ஓ.டி.க்குக் கிடையாது. 1,248 ரூபாய். ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு 0.75 சதவீதம், இதை அப்போது ஓ.டி.யையும் சேர்த்துப் பிடித்தார்கள். 126 ரூபாய். ஆக 15,376 கைக்கு வந்திருக்க வேண்டும். கேண்டீன், பஸ் பிடித்தம் இடத்துக்கு இடம் மாறும். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் உண்டு. ஓ.டி.யிலும் பி.எப். கழித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பேட்டையிலிருந்து வரும் ஒரு அண்ணன் ஓ.டி. என்றாலே ஒதுங்கிக்கொள்வார். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. அட்டை போய்விடும், அம்மாவுக்கு மருந்து வாங்க முடியாது என்று பயம். அந்த வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. பணத்தைச் சேர்ப்பதில்லை. இதை அவருக்கு யாருமே சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இரட்டிப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் ஊதியம் என்பதற்கு வரையறை மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப் படி அதில் சேராது. அப்படி விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியக் கணக்குக்குள் வந்துவிடும். ஆகவே உங்கள் பே ஸ்லிப்பில் எந்தப் படிக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வகுக்க ஆரம்பியுங்கள்.

காண்டிராக்ட்டில் இருந்த பையன்களுக்கு அன்றைக்கு எதுவும் வரவில்லை. காண்டிராக்டர் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்ததைக் காட்டி எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. மற்றவர்களின் வருகைக் கணக்கு காண்டிராக்டர் கையில் இருந்ததால் எத்தனை மணி நேரம் என்பதையே காட்ட முடியாமல் போயிற்று.