புதுப்பிப்பு: காவலரான என் அண்ணன் சிகிச்சைக்குப் போகிறார்

விபத்தில் இறந்த குழந்தையைத் தூக்கிய நாளிலிருந்து காவலரான என் அண்ணன் சரியாகத் தூங்குவதில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டார். கெட்ட கனவுகள், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்தச் சாலையையே தவிர்ப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதால், இது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுதான் (PTSD) என்றார் மருத்துவர். 1980லேயே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நோய் இது. தயவுசெய்து கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள்.

ஒரே நாளில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லுங்கள் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சம்பவம் நடந்ததும் அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது இந்த நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அண்ணனுக்கு வாரக்கணக்கில் நீளும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) தொடங்கியிருக்கிறது.

சிகிச்சைக்குப் போனால் துறையில் அவருடைய துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்ற பயம்தான் இதுவரை அவரைத் தடுத்தது. நான் கெஞ்சியும் நகராதவரை, இதே சிகிச்சை முடித்துப் பணிக்குத் திரும்பிய சக காவலர் அழைத்துப்போனார். அடுத்த அமர்வுக்கு அண்ணியும் போகிறார்.