லோன் கிடைச்சிடுது, ரொட்டேஷனுக்குத்தான் வழியில்லை: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் தொழில் பண்றவங்க அனுபவம்

ஓசூர், லேத் ஒர்க்ஸ்

சொந்தமா தொழில் தொடங்கணும்னு வர்றவங்க முதல்ல கேட்கிறது, லோன் எப்படி வாங்கறது, மானியம் எவ்வளவு. அதைச் சொல்ல மாவட்டத் தொழில் மையம் இருக்கு. சரக்கு போன பிறகு காசு வர்ற வரைக்கும் எதை வச்சு ஓட்டறதுன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை. அந்த ரொட்டேஷன் பணத்தைப் பத்தி எழுதறேன். உங்க கதையையும் சொல்லுங்க.

கம்பெனியில சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற கடைசல் மெஷின்) ஆபரேட்டரா சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவன் நான். வேலையை விட்டுட்டு, சிப்காட் பின்னாடி ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடிச்சு, செகண்ட் ஹேண்ட் லேத் ஒண்ணு போட்டேன். ஷாஃப்ட், புஷ், கியர் பிளாங்க் டர்னிங். ஸ்டீல் பாரை ஆர்டர் குடுக்கிற கம்பெனியே அனுப்பிடும், பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி நமக்கு. ஓசூர்ல அந்த வேலைக்குப் பஞ்சமில்லை.

முதல் பெரிய ஆர்டர் பேசப் போனப்ப பர்ச்சேஸ்ல இருந்தவர் டீ எல்லாம் வாங்கிக் குடுத்தார். பேமெண்ட் எப்ப சார்னேன். "தொண்ணூறு நாள், பில் பாஸானதுல இருந்து" அப்படின்னார். அந்தக் கடைசி மூணு வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. நம்ம சலான் தேதியில இருந்து இல்லை. ஸ்டோர்ல இறங்கி, குவாலிட்டி பார்த்து, ரிஜெக்ஷனுக்கு டெபிட் நோட் போட்டு காசைக் கழிச்சு, மிச்சத்துக்கு பில் பாஸ் பண்ணின பிறகுதான் தொண்ணூறு எண்ண ஆரம்பிப்பாங்க.

நம்ம பக்கம் யாரும் காத்திருக்க மாட்டாங்க. ஒன்றரை லட்சத்துக்கு பில் போட்டா, 18 சதவீதம்னு வச்சுக்கிட்டாலும் ஜிஎஸ்டி 27,000. அதை அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள கட்டியாகணும். கஸ்டமர்கிட்ட இருந்து காசு வந்துச்சா இல்லையான்னு போர்ட்டல் கேட்காது. இன்சர்ட் (வெட்டற முனை), கூலண்ட், கரண்ட் பில், பசங்க சம்பளம் எல்லாம் ரொக்கம். "மெட்டீரியலோட சேர்த்து ரேட் குடுங்க"ன்னு கேட்டாங்கன்னா உஷாரா இருங்க. பெரிய ஆர்டர் மாதிரிதான் தெரியும். இஎன்8 ஸ்டீல் பார் விக்கிற டீலர் நமக்கு தொண்ணூறு நாள் தர மாட்டார்.

இப்ப போச்சம்பள்ளியில ஓலா, ஓசூர்ல ஏத்தர், டிவிஎஸ் ஐக்யூப்னு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இந்த மாவட்டத்துலயே தயாராகுது. அதுல பிஸ்டன், வால்வு, கேம் ஷாஃப்ட், கிளட்ச் எதுவும் கிடையாது. எங்க சந்துல பாதிப் பேர் சோறு சாப்பிடறதே அந்தப் பார்ட்டுலதான். பெட்ரோல் வண்டி நாளைக்கே நின்னுடும்னு பயமுறுத்தறவங்களை நான் நம்பறதில்லை. ஆனா புது விசாரிப்பு வர்றதெல்லாம் அலுமினியம் ஹவுசிங், மோட்டார் ஷாஃப்ட். ஹவுசிங்னா விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின் வேணும். விஎம்சி வாங்க பேங்க் குடுத்துடும். அது ஓட ஆரம்பிச்ச பிறகு வர்ற முதல் ஆறு மாசத்துக்கு யார் குடுப்பாங்க? நான் இன்னும் வாங்கலை.

சட்டம் இருக்கே அண்ணான்னு சொல்லுவீங்க. இருக்கு. 2006 சட்டப்படி சிறு, குறு தொழில்காரனுக்கு 45 நாளுக்குள்ள காசு வரணும். தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து, நேரத்துக்குக் குடுக்காத பாக்கியை சரக்கு வாங்கினவங்க வருமான வரிக் கணக்குல அந்த வருஷச் செலவா கழிக்க முடியாதுன்னும் வந்தாச்சு. அது வந்த கொஞ்ச நாள்லயே ஒரு கஸ்டமரோட அக்கவுண்ட்ஸ்ல இருந்து போன்: "அண்ணா, பில்லுல உத்யம் நம்பர் போடாம அனுப்புங்களேன்." உத்யம்ங்கிறது சிறு, குறு தொழில்னு அரசாங்கத்துல பண்ற பதிவு; அந்த நம்பர் இல்லைன்னா இந்தச் சட்டம் அவங்களைத் தொடாதுன்னு கணக்கு. நான் போட்டேதான் அனுப்பினேன். ஆர்டர் குறைஞ்சுது, ஆனா நிக்கலை. அரசாங்கத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் குடுக்கலாம்தான். சோறு போடற கஸ்டமர் மேல எவன் குடுப்பான், சொல்லுங்க.

காவேரிப்பட்டணம், ஊறுகாய்

அண்ணா, உங்களுக்குத் தொண்ணூறு நாள்னா எங்களுக்குப் பத்து மாதம். நான் மாங்காய் ஊறுகாய், தொக்கு, வத்தல் போடுகிறேன். மே, ஜூன், ஜூலைக்குள் காய் வாங்கி முடித்துவிட வேண்டும். விற்பது வருஷம் பூராவும்.

2025 சீசன் ஞாபகம் இருக்கும். பெங்களூரா ரக மாங்காய் விலை அடிமட்டத்துக்குப் போனது. கூழ் ஃபேக்டரிகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடக்க, சித்தூர் பக்கமும் வெளிமாநிலக் காயை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். எங்கள் பெரியப்பா தோப்பில் பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டார். எனக்கு அவ்வளவு மலிவாக இனி எப்போது கிடைக்கும்? வாங்கிப் போடக் கையில் காசு இல்லை. சொந்தப் பெரியப்பா கண் எதிரே காய் அழுகுகிறது, ஊறுகாய்க்காரி வேடிக்கை பார்க்கிறேன்.

லோன் எனக்கும் கிடைத்தது. உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டம், 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். மானியம் வந்துவிட்டது என்று மேனேஜர் சொன்ன அன்று எங்கள் மாமனார் கறவை மாடு பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று வருஷம் பேங்கிலேயே நம் பேரில் கிடக்கும், யூனிட் ஒழுங்காக ஓடினால் கடனில் கழிப்பார்கள். மாமனாருக்கு இதைப் புரியவைத்தது, லோன் வாங்கியதை விடப் பெரிய வேலை.

மெஷினுக்கு லோன் போக, காய் வாங்க சிசி அக்கவுண்ட் (சரக்கு இருப்பைக் காட்டி, வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன் கணக்கு) கேட்டேன். ஸ்டாக் பார்க்க ஆபீசர் வந்தார். உப்புப் போட்ட காய் ட்ரம் ட்ரம்மாக நிற்கிறது. ஒன்றைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்து, கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். "இதுக்கு எப்படிம்மா மதிப்பு போடறது?" என்றார். "சார், நாளாக நாளாகத்தான் இதுக்கு மதிப்பு கூடும்" என்றேன். சிரித்தார். ஆனால் எழுதியது காய் வாங்கிய விலையைத்தான். உப்பு, வெட்டுக் கூலி, ட்ரம் எதுவும் கணக்கில் இல்லை. அதிலும் 25 சதவீதம் மார்ஜின் கழித்து மிச்சத்துக்குத்தான் பணம் எடுக்கலாம். இருந்தாலும் அந்த சிசி இல்லாவிட்டால் அடுத்த சீசனுக்கு நான் இல்லை. வட்டி எடுத்த பணத்துக்கு மட்டும்தான். புதிதாக வருகிறவர்கள் மெஷினுக்கு டெர்ம் லோன் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு கேட்டால் தனி ஃபைல், தனி அலைச்சல்.

பர்கூர், ஜவுளி

அக்கா சொன்ன சிசிதான் எங்க உயிரும். அண்ணா சொன்ன 45 நாள் சட்டம் எங்களுக்கு இல்லை. உத்யம் பதிவு இருக்கு, ஆனா எங்களை மாதிரி வாங்கி விக்கிற ட்ரேடர்னா அது பேங்க் கடனுக்கு மட்டும்தான் உதவும். நமக்குச் சரக்கு அனுப்பற சூரத்காரங்க தவணை தேதி தாண்டினா மறுநாளே போன். நம்மகிட்ட எடுத்த கடைக்காரங்களோ "பண்டிகை முடியட்டும்ணா". எந்தப் பண்டிகைன்னு சொல்றதில்லை.

பாலக்கோடு, பேக்கரி

நான் பெங்களூர்ல பேக்கரி மாஸ்டரா இருந்தவன். 2020 லாக்டவுன்ல ஊருக்கு வந்தேன், இங்கயே கடை போட்டுட்டேன். காரா பன்னு, நிப்பட்டு, தில்பசந்த் எல்லாம் போட்டேன். முதல்ல பப்ஸைத் தவிர எதையும் தொடலை நம்ம ஜனம். தக்காளி மார்க்கெட்டுக்கு வர்ற டிரைவருங்கதான் தில்பசந்தைப் பழக்கிவிட்டாங்க.

எங்க தொழில்ல பாக்கி கிடையாது. தின்னா காசு. ஆனா ரொட்டேஷன் தொல்லை வேற மாதிரி வரும். பேங்க்ல முத்ரா (சின்னத் தொழிலுக்கான அரசாங்கத் திட்டக் கடன்) கேட்டு இழுத்துக்கிட்டே போச்சு, கடைசியில தண்டல் எடுத்தேன். பேர்தான் பத்தாயிரம், கையில ஒன்பதாயிரம். தினமும் 100 ரூபா, 100 நாளு. கூத்து என்னன்னா, கல்லாவுல நோட்டே இல்லை. வர்றவன் எல்லாம் ஸ்கேன் பண்றான், காசு வந்துச்சுன்னு சவுண்டு பொட்டி கத்துது. சாயங்காலம் தண்டல்காரர் வந்து நோட்டா குடுன்னு நிக்கறாரு. ஏடிஎம்முக்கு ஓடி எடுத்தாந்து குடுப்பேன்.

2025 ஜூலையில பெங்களூர்ல யுபிஐ வரவை வச்சு சின்னக் கடைங்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துச்சில்ல, எங்க மச்சான் டீக்கடைக்கும் வந்துச்சு. க்யூஆர் அட்டையைக் கழட்டி உள்ள வச்சுட்டான். நானும் கழட்டணுமாண்ணா?

ஓசூர், லேத் ஒர்க்ஸ்

தம்பி, கழட்டாதே. வித்தது வித்ததுதான், நோட்டா வந்தாலும் கணக்குதான். பொருள் விக்கிறவனுக்கு வருஷம் 40 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டில பதிவு பண்ணணும். பாலு, பிரெட்டுக்கு வரி இல்லைன்னாலும் மத்ததோட சேர்த்து விக்கிறப்ப அந்த 40 லட்சக் கணக்குல அதுவும் வரும். இதுலதான் நிறையப் பேர் மாட்டறாங்க. ஒன்றரைக் கோடி வரைக்கும் காம்போசிஷன் ஸ்கீம், அதாவது மொத்த விற்பனையில ஒரு சின்ன சதவீதம் வரியாக் கட்டற முறை இருக்கு, நீயே தயார் பண்ணி விக்கிறதுக்கு 1 சதவீதம். பெஞ்சு போட்டு டீ, பன்னு பரிமாறினா ஓட்டல் கணக்குல 5 சதவீதம்னு வரும், அதை ஆடிட்டர்கிட்ட பேசிக்கோ. அந்தக் க்யூஆர் ஸ்டேட்மெண்டைத்தான் முத்ராவுக்குக் காட்டணும். அதைக் காட்டி மறுபடி கேட்டுப் பாரு. உத்யம் பதிவு இல்லைன்னா இன்னைக்கே போடு. ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற வெப்சைட் எதுவும் அரசாங்கத்தோடது இல்லை.

காவேரிப்பட்டணம் அக்கா, எங்க பக்கம் கம்பெனி கேன்டீன் எடுத்து நடத்தற ஒருத்தர் ஊறுகாய்க்கு ஆள் தேடறார். அளவு பெருசு. பேமெண்ட் அறுபது நாள்னு இப்பவே சொல்றார். நீங்க தயாரிக்கிறவங்க, பர்கூர்காரர் மாதிரி இல்லை, உங்களுக்கு அந்தச் சட்டம் உண்டு. ஆர்டர்ல 45 நாள், அதுவும் சரக்கு இறங்கின தேதியில இருந்துன்னு எழுதி வாங்கிட்டு முதல் ட்ரம்மை ஏத்துங்க. எழுத மாட்டேன்னா எனக்குச் சொல்லுங்க, வேற ஒருத்தர் இருக்கார், அளவு கம்மிதான், ஆனா வாரக் கணக்கு.