"நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா"

தறிக்காரர் மகன்:

பள்ளியில் வாங்கிய தண்டனைகளில் எது இன்னும் வலிக்கிறது என்று கேட்டால் பிரம்படியைச் சொல்ல மாட்டேன். முட்டி போட்டதையும் சொல்ல மாட்டேன். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள விடுவேன்" என்று சொன்னார்களே, அதுதான்.

1996, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிபாளையத்தில் இருந்தோம். காம்பஸ் முனையால் பெஞ்சில் பெயரைச் செதுக்கிவிட்டேன். தப்புதான். அப்பாவுக்கு விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட். ஓட்டுகிற மீட்டருக்குத்தான் கூலி. பகல் தூக்கம் கெட்டால் ராத்திரி தறியில் கண் செருகும். நூல் அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணி பழுதாகும், கூலியில் பிடிப்பார்கள். இதெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் போய்ச் சொல்ல வாய் வருமா? மூன்று நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, காவிரிப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டு நாலரை மணிக்குத் திரும்பினேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அப்பா அடிக்கவில்லை. ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஹெட்மாஸ்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முக்கால் மணி நேரம் நின்றார். உட்காரச் சொல்ல ஆளில்லை. 'என் மகன் இனி இப்படிச் செய்ய மாட்டான்' என்ற கடிதத்தை நானே எழுதினேன். கையெழுத்துப் போடும் முன், "என்ன சாமி எழுதியிருக்குது, படி" என்றார். எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினேன்.

அந்தப் பெஞ்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகத் தேய்த்திருப்பேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை:

படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது பையன்கள் பாக்ஸ் கட்டிங், கலரிங் என்று வந்தார்கள். முடி திருத்துபவரை வரவழைத்து வராந்தாவிலேயே வெட்டவைத்தோம். அடிக்கவில்லையே, இதில் என்ன என்று நினைத்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுநாளிலிருந்து வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். "முடியை வெட்டுனது பரவாயில்லைங்க டீச்சர், பொம்பளைப் பிள்ளைங்க பார்க்க வெட்டிட்டாங்கன்னு அழுவுறான்" என்றார் அவன் அம்மா.

2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பயிற்சியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் அது தடை செய்கிறது. பிரம்பைக் கீழே வைத்த நாங்கள் அந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டோம். இப்போது தனியாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் வெட்டிக்கொண்டு வா என்று சொல்கிறோம். பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதவர்களோடு மல்லுக்கட்டத்தான் வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா:

எங்களுக்கு டி.சி. மிரட்டல். தனியார் பள்ளி. மகன் இன்னொரு பையனை அடித்து உதடு கிழிந்துவிட்டது. அதற்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் போனில், "நீங்களா டி.சி. வாங்கிக்கிட்டா கான்டக்ட் குட்னு போடறோம். நாங்களா குடுத்தா வேற மாதிரி வரும்" என்றார்கள். பன்னிரண்டு வயசுப் பையனின் நடத்தையை வைத்துப் பேரமா?

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அதனால்தான் நம் வாயாலேயே டி.சி. கேட்க வைக்கப் பார்க்கிறார்கள். நான் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-க்குக் கூப்பிட்டு விவரம் கேட்டேன். அப்புறம் பள்ளிக்குப் போய், சொன்னதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை, பேச்சும் அத்தோடு நின்றது. இதே நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகனை அந்தப் பையன் வீட்டுக்கு நானே அழைத்துப் போனேன். தையல் போட்ட உதட்டைப் பார்த்ததும் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டான்.

தறிக்காரர் மகன்:

நல்ல காரியம் செய்தீங்க அக்கா. டீச்சர், அந்தப் பையன் திரும்ப வந்தானா?

அரசுப் பள்ளி ஆசிரியை:

வந்தான் சார். ஒரு மாசம் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நாங்கள் யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.