அப்பாவின் 1986 ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகல, வழி சொல்லுங்க

அண்ணன்மார்களே, நண்பர்களே, வணக்கம். பெங்களூரு அல்சூர்ல இருந்து எழுதறேன். வண்டி டூ ஸ்ட்ரோக், பிளாட்டினம் பாயிண்ட் டைப் (கரண்டை வெட்டி வெட்டி ஸ்பார்க் வர வைக்கிற பழைய தொடுமுனை). மழையால ரெண்டு மாசம் எடுக்கல. இப்போ எத்தனை கிக் அடிச்சாலும் உசுரே வரல.

இதுவரை பண்ணது: பழைய பெட்ரோலை வடிச்சு புதுசு ஊத்தி, அளவா ஆயிலும் கலந்தாச்சு. கார்புரேட்டர் ஜெட்ல பிசின் மாதிரி படிஞ்சிருந்தது, கழட்டி ஊதிட்டேன். பிளக்கைக் கழட்டிப் பாத்தா பெட்ரோல்ல நனைஞ்சிருக்கு, அதனால பெட்ரோல் வருது. ஆனா ஸ்பார்க் நீலமா இல்ல, ஆரஞ்சா, மெலிசா அடிக்குது. பாயிண்ட்டைத் தேய்ச்சு 0.4 மி.மீ. கேப் வச்சேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜே.சி. ரோடு போய் கண்டென்சரும் (பாயிண்ட் கருகாம காக்கிற சின்ன பார்ட்) பிளக்கும் புதுசு வாங்கிப் போட்டேன். அதே கதைதான். ரெண்டாவது கியர்ல தள்ளினா ரெண்டு தடவை பட்பட்னு அடிச்சுட்டு அடங்கிடுது.

பக்கத்து மெக்கானிக் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டைச் சுத்தி காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்கிறார். சீல் போனா கிராங்க் கேஸ்ல காத்து நிக்காது, ஸ்டார்ட் ஆகாதுதான். ஆனா ஸ்பார்க்கே இவ்ளோ மந்தமா இருக்கிறப்ப எனக்கு பிளக்குக்கு ஹை வோல்டேஜ் குடுக்கிற இக்னிஷன் காயில் மேலதான் சந்தேகம். கரண்ட் உண்டாக்குற ஃப்ளைவீல் மேக்னட் பவர் குறைஞ்சாலும் இப்படி ஆகுமா? பிரிக்காமலே சீலைச் சோதிக்க வழி இருக்கா?

அடுத்த மாசம் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ.வுக்கு வண்டியைக் கொண்டு போகணும். அப்பாவுக்கு 74 வயசு, தினமும் காலைல வந்து சீட்டைத் துடைச்சுட்டுப் போறார். பாயிண்ட் வண்டி தெரிஞ்ச பழைய கை யாராவது சிவாஜி நகர், விவேக் நகர் பக்கம் இருந்தாலும் சொல்லுங்க, தள்ளிட்டே வந்துடறேன்.