பீட்டில்ஸ் டிரிபியூட் பேண்ட் கச்சேரிக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

மதுரை_டு_லண்டன்:
அடுத்த மாதம் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பா காலேஜ் நாளிலிருந்தே, லிவர்பூலில் தோன்றிய அறுபதுகளின் பாட்டுக் குழுவான பீட்டில்ஸ் மேல் பைத்தியம், கேசட்டுகள் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்துத் தியேட்டருக்கு பூட்லெக் பீட்டில்ஸ் வருகிறார்களாம், பீட்டில்ஸ் போலவே வேடமிட்டு அவர்கள் பாட்டுகளை வாசிக்கும் டிரிபியூட் குழு. டிக்கெட் மலிவில்லை. விக் வைத்துக்கொண்டு நாலு பேர் நடிப்பதற்கு இவ்வளவு கொடுப்பதா, இல்லை அந்தக் காசுக்கு லிவர்பூலுக்கே கூட்டிப் போய்விடலாமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டிரம்ஸ்_பாலு:
தாராளமாகப் போங்கள். இவர்கள் 1980இலிருந்து இருக்கிற குழு, ஆள்கள்தான் மாறிக்கொண்டே வருகிறார்கள். 1996இல் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் ஓயாசிஸ் ராக் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசித்ததும் இவர்கள்தான். விக்கை விடுங்கள், விஷயம் வேறு. அசல் பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவோடு டூர் போவதையே நிறுத்திவிட்டார்கள், அதனால் 1967இல் வந்த சார்ஜென்ட் பெப்பர் ஆல்பத்தின் பாட்டுகளை அவர்கள் நாலு பேரும் சேர்ந்து ரசிகர்கள் முன்னால் மேடையில் வாசித்ததே கிடையாது. டிரம்பெட், வயலின் எல்லாம் வைத்து அவற்றை நேரில் கேட்க இந்த மாதிரிக் குழுவை விட்டால் வழி ஏது? 1965இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேர் போட்ட கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. அசலைப் பார்த்த பாதிப் பேர் பாட்டையே கேட்டிருக்க மாட்டார்கள்!

நான் போன அன்று முதல் பாதி கோட்டு சூட்டு, நடுநடுவே லிவர்பூல் பேச்சில் நக்கல். இடைவேளைக்குப் பிறகு கலர் கலராக பேண்டு வாத்தியக்காரர் உடுப்பு. அந்தப் பாதிதான் எனக்கு உயிர்.

சந்தேகப்_பிராணி:
எனக்கு ஒட்டவில்லை. நான் பார்த்தது ஒரு பப்பில் வாசித்த சின்னக் குழு. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இடக்கைக்காரர், இங்கே "பால்" வலக்கையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். கண்ணை மூடினால் பரவாயில்லை, திறந்தால் சிரிப்பு வருகிறது. அசல் பாலே 80 தாண்டியும் மேடை ஏறுகிறாரே, அதற்குக் காசு சேர்க்கலாம்.

டிரம்ஸ்_பாலு:
அந்த டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார். கை எதுவானால் என்ன, மூன்று குரலும் சேர்ந்து பாடும் இடம் சுருதி விலகாமல் நின்றால் போதும்.

மெர்சி_கரை:
லிவர்பூல் போனாலும் டிரிபியூட்தான் கிடைக்கும். பீட்டில்ஸ் ஆரம்ப நாளில் வாசித்த மேத்யூ ஸ்ட்ரீட் கேவர்ன் கிளப் 1973இல் மூடப்பட்டு, 1984இல் திரும்பக் கட்டியது. அங்கேயும் இதே பாட்டுகளை வாசிக்கத் தனிக் குழு வைத்திருக்கிறார்கள். நிலவறை என்பதால் படி இறங்க வேண்டும், உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். அப்பாவுக்கு முட்டி வலி இருந்தால் தியேட்டரே மேல்.

கலா_அக்கா:
தம்பி, கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் டி.எம்.எஸ். குரலில் பாடியவருக்கு விசில் அடித்து வளர்ந்தவர்கள் நாம், நமக்கு இதில் என்ன கூச்சம்? கடைசிப் பாட்டுகளுக்கு முன்வரிசை எழுந்து ஆடும், மறைக்கும். அதனால் மாடியில் முதல் வரிசை எடு. அம்மாவையும் ஒரு வார்த்தை கேள்.

மதுரை_டு_லண்டன்:
கேட்டாச்சு அக்கா. மாடியில் மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன். இடைவேளையில் காபி கிடைக்குமா என்பதுதான் அம்மாவின் ஒரே கேள்வி.

கலா_அக்கா:
கிடைக்கும், வாயில் வைக்க முடியாது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு.